சாணிச் சீர்

கூடப் பிறந்தவளுக்கு அண்ணன்மார் சீர் கொண்டுவருவது எந்த ஊரிலும் உள்ளதுதான். வெண்கலப் பானை வரும், கட்டில் வரும், வசதிப்பட்டவர்கள் வீட்டிலிருந்து பசுவும் கன்றும் வரும். ஆனால் வைகாசி பிறந்து மூன்றாம் நாள் காலையில் பந்தல்குடித் தங்கசாமி தன் தங்கச்சி வெள்ளைத்தாய்க்குக் கொண்டுவந்த சீரைத் திருச்சுழிக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு மாட்டு வண்டி நிறைய எருமைச் சாணி. காயாமல் இருக்க ஈரச்சாக்கைப் போட்டு மூடி, வழியில் இருந்த ஊருணிகளில் எல்லாம் தண்ணீர் தெளித்து, விடிவதற்கு முன்னே கிளம்பி ஓட்டி வந்திருந்தான். முன்வண்டிச் சாக்கின்மேல் ஒரு தாம்பாளம். அதில் மஞ்சள், வெற்றிலை பாக்கு, பச்சைக்கரை போட்ட ஒரு சேலை.

வண்டி ஊருக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். வாசலில் நின்ற மாயக்காள் முறைப்படி குலவை போட்டாள். அவள் வெள்ளைத்தாயின் நாத்தனார், வீட்டுக்காரன் இருளாண்டிக்கு அக்காள். குலவை முடிவதற்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பந்தல்குடிக்காரரே, பொறந்த வீட்டுச் சீரு வாசம் ஊரைத் தூக்குதே. சந்தனம் கரைச்சுக் கொண்டாந்தீகளா?"

"ஒனக்கு ஒரு கூடை தனியா எடுத்து வச்சிருக்கேன். மூஞ்சியில பூசிக்க."

"பூசிக்கிறேன். பந்தல்குடி எருமைகளுக்கு எல்லாம் நல்ல சாப்பாடு போலருக்கு. வீட்டு ஆளுகளுக்குத்தான் எப்பிடின்னு தெரியல, வத்தலா இருக்கீக."

தங்கசாமி சிரித்தான். சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்த்தவன், இருளாண்டி தண்ணீர்ச் செம்போடு எதிரே வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு செம்பை மட்டும் வாங்கினான். இருவரும் பேசி ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இருளாண்டிக்கு மூட்டம் போடுகிற வேலை. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிக்கிடந்த சீமைக்கருவேல மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, வெட்டி, துண்டு போட்டு, கோபுரம்போல் அடுக்கி, மேலே சருகும் ஈரமண்ணும் போட்டு மெழுகி, உள்ளே தீ வைத்துக் கரியாக்கி அனுப்புவான். தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. ஐந்தாறு நாள் பக்கத்திலேயே கிடந்து, மண் வெடித்த இடத்தில் மண்ணைப் பூசி, அடியில் காற்றுத் துவாரத்தைத் திறந்தும் அடைத்தும் காவல் காக்க வேண்டும். ஒரு துவாரம் ஒருமணி நேரம் பெரிதாகிப் போனால் மொத்தமும் சாம்பல். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளைத்தாயும் அவன் கூடவே நின்றாள். மண் குழைத்துக் கொடுத்தாள். புகையின் நிறம் பார்க்க அவனைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். "வெள்ளை போயி நீலம் வந்துருச்சு, அடைங்க" என்று அவள் சொன்னால் சரியாக இருக்கும். ஒரே மகளை மல்லாங்கிணற்றில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு இந்த இரண்டு பேருக்கும் மூட்டம்தான் பேச்சுத்துணை.

மூட்டத்தில் புகை. வீட்டுக்கு வந்தால் அடுப்பில் அதே கருவேலஞ்சுள்ளி, சாணியில் தட்டிக் காயவைத்த எருவாட்டி. அங்கும் புகை. நாற்பது வயதில் அவளுக்கு இருமல் வந்தது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு எல்லாக் காலத்திலும். நாலு சொல் சேர்ந்தாற்போல் பேச முடியாது. நடுவில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, மிச்சத்தைச் சொல்வாள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் படிந்தது இனிப் போகாது, மேற்கொண்டு புகை படாமல் பார்த்துக்கொண்டால் வண்டி ஓடும் என்றார். அங்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் தங்கசாமி கேட்டான்.

"கரிமூட்டத்துல மரத்தை வேக வைப்பாக. நீ என் தங்கச்சிய வச்சு வேகவச்சுட்டியேப்பா."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து மாயக்காள்தான் வாசல் வேம்படியில் கல்லுக்கூட்டி அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். நல்ல மனசுக்காரி, கைதான் உப்புக்கு அடங்காது. வெள்ளைத்தாய் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, தன்னுடைய சட்டி பானைகள் இன்னொருத்தி கையில் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருளாண்டி ஊருணியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் வாசல்படியோடு நின்றுகொள்வான். உடம்பிலிருந்து புகைவாடை போகவில்லையோ என்று அவனுக்குப் பயம். ஒருநாள் அவள் கேட்டாள்.

"இப்பிடித் தள்ளித் தள்ளி நிக்கிறதுக்கு... நான் என்ன... தீட்டுக்காரியா?"

"வாடை வரும்டி."

"வரட்டும். அதுக்காக... வாசல்ல நின்னுக்கிட்டே... குடும்பம் நடத்துவீகளா?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வேறொண்ணும் வேண்டாம். என் கையால... ஒரு கொழம்பு வச்சு... ஒங்களுக்கு ஊத்தணும். செத்தாலும் அதைச் செஞ்சுட்டுச்... சாகணும்."

அந்தச் சமயத்தில்தான் யூனியன் ஆபீஸிலிருந்து சௌந்தரபாண்டியன் சைக்கிளில் வந்தார். எண்பத்தேழாம் வருசம் அது. சாணத்திலிருந்து கேஸ் எடுக்கிற தொட்டிக்கு அரசாங்கம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. கிணறுபோல் ஒரு குழி, செங்கல் கட்டு, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். சாணியும் தண்ணீரும் சமமாகக் கரைத்து ஊற்றினால் உள்ளே கேஸ் ஊறி டிரம்மைத் தூக்கும். குழாய் வழியாக அடுப்புக்கு வரும். புகை துளியும் கிடையாது.

"அன்னாடம் போட ரெண்டு பசு, ஒரு கிடேரி போதும். ஆனா முதல்ல தொட்டியை நெறைக்க ரெண்டு வண்டிச் சாணி வேணும். அதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

ஊரில் கேட்கலாம். ஆனால் மழைக்கு முன்னால் சாணியை யார் கொடுப்பார்கள். குப்பைக்குழியில் சேர்த்தால்தானே ஆடிக்கு நிலத்தில் போட முடியும். தங்கசாமிக்குப் பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை, டீப்பாலுக்குக் கடைக்குப் பின்னால் ஆறு எருமை. அவனிடம் கேட்க இருளாண்டிக்கு நா எழவில்லை. வெள்ளைத்தாயே பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள். "எங்கண்ணனுக்கு... எனக்குச் சீரு செய்யணும்னு... ஆசை இருந்தா, ரெண்டு வண்டிச் சாணி... கொண்டாரச் சொல்லுங்க."

அந்தச் சாணிதான் வந்து இறங்கியது. ஊர்ப் பெண்கள் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்ற, ஆண்கள் தொட்டியடியில் நின்று கரைக்க, அந்தியில் குழி நிறைந்தது. தங்கசாமி திருச்சுழியில் நாள் பார்த்துக் கொண்டு வந்திருந்தான். வளர்பிறைப் புதன்கிழமை, காலை ஏழரைக்குள் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். இன்னும் பதினைந்து நாள்.

சௌந்தரபாண்டியன் இருளாண்டியைத் தனியே கூப்பிட்டுக் குழாய் முனையில் இருந்த திருகைக் காட்டினார். "முதல்ல ஊறுறது எரியாது. அது வேற காத்து. டிரம் ஏறினதும் ரெண்டு தடவ இதத் திறந்து விட்டுருங்க. மூணாவதா வர்றதுதான் எரியும். மறந்துறாதீங்க." இருளாண்டி தலையை ஆட்டினான்.

பத்தாம் நாள் டிரம் ஒரு சாண் ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் நாலு விரல். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளைத்தாய் கட்டிலிலிருந்து எழுந்து வந்து இரும்பின்மேல் கையை வைத்துப் பார்த்தாள், சினைப்பசுவின் வயிற்றில் வைப்பதுபோல.

ஆளில்லாத நேரமாகப் பார்த்து இருளாண்டி திருகைப் பிடித்தான். பிடித்தவன் பிடித்தபடியே நின்றான். முதல் கதிரை அறுத்தால் அம்மன் கோவிலில் கட்டுகிறோம். முதல் ஈற்றுப் பாலைக் காய்ச்சிச் சாமிக்குப் படைக்கிறோம். முதன்முதலாக விளைந்ததை யாராவது வெளியே திறந்து விடுவார்களா. அதுவும் இது அவளுக்கென்று ஊறியது. ஆபீஸ்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள், உரத்தைக்கூடக் கூடுதலாகத்தான் போடச் சொன்னார்கள். அவன் கையை எடுத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் பச்சைக்கரைச் சேலை கட்டிக்கொண்டு வெள்ளைத்தாய் புது அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் கட்டிய பால்பானை தயாராக இருந்தது. வாசலில் பாதி ஊர். தங்கசாமி பெண்டாட்டி மாரிக்கனியையும் அழைத்து வந்திருந்தான். வெள்ளைத்தாய் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினாள். புஸ்ஸென்று காற்று வந்தது, குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. தங்கசாமி வாங்கிக் கிழித்தான். கால் பெட்டிக் குச்சி தீர்ந்தது. அடுப்பு தீயைப் பிடிக்கவில்லை, ஊதி ஊதி அணைத்தது.

"சுள்ளுன்னு எரியிற மனுசன் நீரு, ஒம்ம சாணி எரியலையே" என்றாள் மாயக்காள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் நின்ற கிழவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "மனத்தாங்கலோட கொண்டாந்த சீரு. மச்சானும் மாப்பிள்ளையும் மூஞ்சி குடுத்துப் பேசல. எப்பிடிப் பத்தும்?"

அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போனது. தங்கசாமிக்கு முகம் செத்துவிட்டது. இருளாண்டிக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கியது. குற்றம் என்னுடையது, நான்தான் திறந்து விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அத்தனை பேர் முகத்தையும் பார்த்தான். சொல் உள்ளேயே நின்றுவிட்டது.

வெள்ளைத்தாய் எழுந்தாள். "மதினி, பாலு... கெட்டுப் போயிரும். வேம்படியில வச்சு... காய்ச்சிருங்க" என்றாள். போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

தங்கசாமி மாரிக்கனியை பஸ் ஏற்றிவிட்டான். "கடையை நீ பாத்துக்க. இது எரியிறதப் பாக்காம நான் வரமாட்டேன்."

அன்று பொழுது சாய இருளாண்டி திருகைத் திறந்தான். காற்று சீறிக்கொண்டு போக, டிரம் கொஞ்சங்கொஞ்சமாய் இறங்கி உட்கார்ந்தது. ஏதோ உயிருள்ளதை இறக்கி வைப்பதுபோல் இருந்தது அவனுக்கு. காலையில் அதைப் பார்த்த தங்கசாமி தொட்டிக் கட்டின்மேல் குந்திவிட்டான். "இருந்த காத்தும் போயிருச்சா. என் கை ராசி அப்பிடி" என்றான். இருளாண்டி அப்போதும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி ஏறியதை யாருக்கும் தெரியாமல் இரண்டாம் தடவை திறந்து விட்டான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தங்கசாமியால் முடியவில்லை. இருளாண்டி மூட்டத்துக்குக் கிளம்பும்போது அவனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். பேச்சில்லை. போனவன் மரம் சுமந்தான், மண் குழைத்தான். மூட்டத்தில் தீ வைத்த பிறகு கண்மாய்க்காற்று புகையை அவன் பக்கமே தள்ளியது. கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. தூக்குச்சட்டியில் மாயக்காள் கொடுத்துவிட்ட கம்பங்கூழும் மிதுக்கவத்தலும் இருந்தன. அதில்கூடப் புகை மணந்தது.

தீ வைத்த மூன்றாம் நாள் மத்தியானம், மூட்டத்தின் தெற்குப் பக்கம் விரிசல் விட்டது. இரண்டு பேரும் ஓடி ஓடி மண் அப்பி அடைத்துவிட்டு மூச்சிரைக்கக் கருவேல நிழலில் உட்கார்ந்தார்கள். தங்கசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இம்புட்டுப் பொகையா மாப்ள?"

ஒரு வருசத்துக்குப் பிறகு வாயிலிருந்து வந்த மாப்பிள்ளை. இருளாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"இது கொறச்சல் மச்சான். மொத ரெண்டு நாளு பாத்தீகளே, பக்கத்துல நிக்க முடியல."

"நம்ம கடைப் பாய்லருக்குக் கரிதான். வெறகு போட்டா லாரிக்காரன் கண்ணக் கசக்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவான். கரின்னா ஒரு பொகை கிடையாது. சுத்தமான சாமான்னு நானே வாரவுக கிட்டப் பெருமையா சொல்லியிருக்கேன்."

"எப்பிடி மச்சான் பொகை வரும்? அதுல உள்ள பொகையெல்லாத்தையும் இங்கயே எடுத்துட்டுத்தான அனுப்புறோம். பொகை நமக்கு, கங்கு அவுகளுக்கு."

தங்கசாமி மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த லோடெல்லாம் எங்க போகுது?"

"மதுரைக்கு, மெட்ராஸுக்கு. ஓட்டலுக்கு, துணி தேய்க்கிற வண்டிக்கு. எங்கய்யா காலத்துல மாசத்துக்கு ஒரு லாரி. இப்ப வாரத்துக்கு ரெண்டு கேக்கான் ஏவாரி. டவுனு வளந்துக்கிட்டே போகுதாம், எங்க பாத்தாலும் புதுத் தெருவாம். அங்க ஒரு தெரு கூடுனா இங்க ஒரு மூட்டம் கூடும்." சற்று நிறுத்திச் சொன்னான். "சௌந்தரபாண்டியன் சார் பேப்பர்ல படிச்சாராம். இந்தப் பொகையெல்லாம் எங்கயும் போறதில்லையாம். மேல போயி கம்பளி மாதிரி மூடிக்கிருமாம். ஒலகமே சூடாகிப் போகுமாம்."

"ஒலகத்துக்கு எப்பவோ. என் தங்கச்சி நெஞ்சுல இப்பவே மூடிருச்சே."

மூட்டத்தின் உச்சியில் புகை வெள்ளையாகச் சுருண்டு எழுந்தது.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு நான் அப்பிடிக் கேட்டுருக்கக் கூடாது" என்றான் தங்கசாமி. "என் பாய்லரு கூடச் சேந்துதான் வேகவச்சிருக்கு. ஒன் மேல கோவம் இருந்தது நெசம் மாப்ள. ஆனா சாணி மேல கோவமில்ல. மனசாரத்தான் அள்ளிட்டு வந்தேன். அது ஏன் எரியலன்னு எனக்கு வெளங்கல."

இருளாண்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சாணி மேல குத்தமில்ல மச்சான். மொதக் காத்து எரியாது, ரெண்டு தடவ திறந்து விடுன்னு சாரு சொல்லிட்டுப் போனாரு. நான் விடல. அன்னைக்குச் சபையில சொல்லவும் வாய் வரல."

தங்கசாமி மெல்லத் திரும்பினான்.

"ஊரே என் சாணியக் குத்தம் சொல்லுச்சு. நீ பாத்துக்கிட்டு நின்ன."

"ஆமா."

"எட்டு நாளா ஒன் கூட மண்ணு சொமக்கேன். அப்பவும் சொல்லல."

"ஆமா மச்சான்."

"ஏன் திறந்து விடல?"

"மொத வெளச்சல். அவ கையால பத்த வைக்கட்டும்னு வச்சிருந்தேன்."

தங்கசாமி கையிலிருந்த மண்ணாங்கட்டியை நொறுக்கிக்கொண்டே இருந்தான். முழுக்கப் பொடியானதும் கையைத் தட்டினான்.

"நானா இருந்தாலும் திறந்து விட்டுருக்க மாட்டேன்" என்றான். "அதுக்காக ஒன்னைய விட்டுற மாட்டேன். இந்தக் கதைய மாயக்காகிட்ட நீயே சொல்லணும். அதுதான் ஒனக்குத் தண்டனை."

செவ்வாய்க்கிழமை பகல் மூன்றரை மணிக்கு மூட்டத்தில் நீலப்புகை கண்டது. துவாரங்களை அடைத்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும் தங்கசாமி நின்றான். கருவாட்டுக்குழம்பு வாசம். பார்த்தால் வேம்படியில் கல்லடுப்பு குளிர்ந்து கிடந்தது. கூரைமேல் புகையும் இல்லை. மாயக்காள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு வேலையற்று உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"சாரு வந்து திருகித் திருகிப் பாத்தாரு, மொதக் காத்தத் திறந்து விட்டாகளான்னு கேட்டாரு, தம்பி எங்கிட்டச் சொன்னத அப்பிடியே சொன்னேன், ஒரு குச்சிய வச்சாரு. ஊதாப்பூ கணக்கா எரியுது. அதுலருந்து என்னைய அடுப்படிப் பக்கமே விடமாட்டேங்கிறா."

"ராகுகாலத்துலயா பத்த வச்சீக?" என்றான் தங்கசாமி.

அதற்குப் பதில் உள்ளேயிருந்து வந்தது. வெள்ளைத்தாய் கரண்டியும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றாள். முகத்தில் வேர்வை இருந்தது. கண்ணில் நீர் இல்லை. ஊதாங்குழல் ஊதிச் சிவந்த கண்களையே அத்தனை வருசம் பார்த்திருந்த இருளாண்டிக்கு அது வேறு யாரோ கண்போல் இருந்தது.

நெஞ்சில் படிந்தது படிந்ததுதான். டாக்டர் சொன்னது பொய்யில்லை. பதினோரு வருசம் கழித்து அதுதான் அவளைக் கொண்டுபோனது. அந்தப் பதினோரு வருசமும் அவள்தான் அந்த வீட்டில் உலை வைத்தாள். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்.

"நல்ல நேரம் பாத்துப் பத்த வச்சதுதான் தெரியுமே, எரிஞ்சதா?" என்று ஆரம்பித்தாள். "ஊருக்கெல்லாம் மூட்டம் போடத் தெரியுது, ஒரு திருகைத் திறந்து விடத் தெரியல, மொதக் காத்தாம், எனக்குன்னு வச்சிருந்தாராம், யாரு கேட்டா, எங்கண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு பதிமூணு நாளா இந்த வாசல்ல கெடக்காரு, பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருக்கீக, அண்ணனும் லேசுப்பட்டவுக இல்ல, அங்க மாரிக்கனி மதினி ஒத்தையில பாய்லரோட மல்லுக்கட்டுறா, இவுக இங்க மூட்டத்துக்குக் காவலு," அந்த இடத்தில்தான் முதல்முறையாக நின்று மூச்சு வாங்கினாள், "குதிரவாலிச் சோறு ஆறிப் போகுது, கொழம்பு சுண்டிப் போகுது, இன்னும் ரெண்டு பேரும் அங்கயே நின்னா நானும் மதினியுமே எல்லாத்தையும் தின்னுட்டுப் படுத்துருவோம், அப்பறம் சட்டியத்தான் வழிக்கணும்..."

தங்கசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருளாண்டி அவன் கையைப் பிடித்து அழுத்தினான். பேசினால் அவள் நிறுத்திவிடுவாள்.